ஒவ்வொரு 17 நொடிக்கும் ஒரு ஃப்ரேம் இரண்டு முறை வருகிறது: பிஎஸ்4-ஐ அளப்பதில் எங்கே தவறுகிறேன்?

பீளமேடு பிக்சல் கேட்டது:

வணக்கம். கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. பகல் முழுக்க மைக்ரோமீட்டரும் டயல் கேஜும். ராத்திரி பழைய பிஎஸ்4 கேம் கன்சோல். இரண்டும் கலந்ததால் வந்த வினை இது.

பிளட்போர்ன் என்ற கேமை மூன்றாவது தடவையாக விளையாடிக்கொண்டிருந்தேன். கேமராவைச் சுற்றும்போது படம் வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்திப் போவது போலத் தெரிந்தது. பக்கத்தில் அக்கா மகன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், தெரியாதது எதுவும் கிடையாது. "மாமா, அது 30 எஃப்பிஎஸ் லாக், நொடிக்கு 30 படம்னு கட்டிப்போட்டது. எல்லா வீடியோவிலும் 30-னுதான் காட்டுறாங்க. உங்க கண்ணுலதான் கோளாறு" என்றான். இன்ஸ்பெக்டரிடம் போய் கண்ணில் கோளாறு என்றால் சும்மா இருக்க முடியுமா? அளந்தே காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிவிக்குப் போகும் படத்தைக் கணினியில் பதிவு செய்ய, முதலில் மலிவாக ஒரு யுஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கினேன். பெட்டியில் 1080பி 60 (நொடிக்கு 60 படம்) என்று பெரிதாகப் போட்டிருந்தது. எதைப் பதிவு செய்தாலும் அப்பழுக்கில்லாத 30 வந்தது. இரண்டு நாள் மருமகன் சொன்னதுதான் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ரேமன் லெஜெண்ட்ஸை அளந்தேன், அதற்கும் 30. அது 60-ல் ஓடும் கேம் என்று எனக்கே தெரியும். அப்போதுதான் உறைத்தது, அந்தக் குச்சிக்கு 30-க்கு மேல் எண்ணவே தெரியாது.

பிறகு கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பரிடம் யுஎஸ்பி 3.0 கார்டு ஒன்றை இரவல் வாங்கினேன். பிஎஸ்4 செட்டிங்கில் எச்டிசிபி என்ற பதிவுத் தடுப்பை அணைத்துவிட்டு, ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் 60-ல் பதிவு. பைதானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களைக் கழித்து, வித்தியாசத்தின் சராசரி ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் "அதே படம்" என்று குறிக்கும். அவ்வளவுதான்.

ரேமன் லெஜெண்ட்ஸில் 5 நிமிடம் பதிவு செய்தேன். 18 இடத்தில் அதே படம் இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 16.7 நொடி, பிசகாமல். ஆட்டமே இல்லாமல் பின்னணி மட்டும் அசையும் டைட்டில் திரையிலும் அப்படியே. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன், சூட்டைச் சந்தேகப்பட்டேன், பிஎஸ்4-ஐத் திறந்து தூசி ஊதினேன். மறுபடியும் 18.

பட்டறையில் ஒரு குறை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், இரும்பைக் குறை சொல்ல மாட்டோம். மெஷினுக்குள் ஏதோ ஒரு பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கிறது என்றுதான் பார்ப்போம். இங்கே எது அந்தச் சக்கரம்?

---

சட்டகன்:

தூசி ஊதியது நல்ல காரியம், ஆனால் பிஎஸ்4 நிரபராதி. ஓபிஎஸ்ஸில் கார்டின் விவரத்தைத் திறந்து, உள்ளே வரும் சிக்னல் எவ்வளவு என்று பாருங்கள். 59.94 என்று இருக்கும். நீங்கள் பதிவு செய்வதோ 60-ல். நொடிக்கு 59.94 படம் வருகிற இடத்தில் 60 கேட்டால் மீதிக்கு அது எங்கே போகும்? கையில் இருக்கிற பழைய படத்தையே இன்னொரு தடவை எழுதிவிடும்.

59.94 என்பது 60-ஐ 1.001-ஆல் வகுத்தது. ஆகவே பதிவில் 1001 ஃப்ரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். அதாவது 16.68 நொடிக்கு ஒன்று. 300 நொடியை அதனால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 18 வந்துவிடும். ஓபிஎஸ் செட்டிங்கில் வீடியோ பகுதியில் 60-க்குப் பக்கத்திலேயே 59.94 இருக்கிறது, அதற்கு மாற்றுங்கள்.

இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டேன். 1953-ல் அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை ஒளிபரப்புக்குள் கலரைத் திணித்தார்கள். கலர் சிக்னலும் 4.5 மெகாஹெர்ட்ஸில் இருந்த ஒலியும் மோதித் திரையில் கோலம் போடாமல் இருக்க, படவேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தப் பழைய சமரசம் இன்று எச்டிஎம்ஐ வழியாக உங்கள் ஹாலுக்கு வந்திருக்கிறது. நம் தூர்தர்ஷனின் அந்நாளைய ஒளிபரப்பு பால் (PAL) என்ற முறை, நொடிக்கு 50. அதிலும் ஒரு கதை உண்டு. 1991-ல் வந்த சோனிக் கேம், பால் டிவியில் 50 என்பதால் நிஜமாகவே மெதுவாகத்தான் ஓடும், பாட்டும் சேர்ந்து இழுக்கும். அந்த ஊர்களில் வளர்ந்தவர்கள் அதுதான் அந்தப் பாட்டின் வேகம் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, பிளட்போர்னுக்கு வருவோம். எத்தனை எஃப்பிஎஸ் என்று ஒற்றை எண்ணை எடுக்காதீர்கள். ஒவ்வொரு படமும் எத்தனை ரிஃப்ரெஷ் (திரை ஒரு தடவை புதிதாக வரைவது) நேரம் திரையில் நின்றது என்று வரிசையாக எழுதுங்கள். 60-ல் ஓடும் திரையில் 30 எஃப்பிஎஸ் கேம் ஒழுங்காக ஓடினால் 2, 2, 2, 2 என்று போகும். ஒவ்வொரு படமும் 33.3 மில்லிசெகண்ட். கெட்டால் மூன்று விதமாகக் கெடும்.

3 தனியாக நின்று, 16.7 நொடிக்கு ஒரு தடவை வந்தால் அது உங்கள் பதிவின் கோளாறு. இப்போது பார்த்த அதே கதை. 3 வந்தவுடன் பின்னாலேயே 1 வந்தால் அது கேமின் நடை சரியில்லை. ஒரு படம் 50 மில்லிசெகண்ட் நிற்கிறது, அடுத்தது 16.7-லேயே ஓடிவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் 4, சராசரி 2. எண்ணில் தெரியாது, கண்ணுக்குத் தெரியும். பிளட்போர்ன் இந்த விஷயத்தில் 2015-ல் வந்த நாளிலிருந்தே பேர் போனது. மூன்றாவது, 3-கள் கண்ட இடத்தில், அதுவும் அடிதடி நடக்கும் இடமாகப் பார்த்து, 1 பின்தொடராமல் வந்தால் அது நிஜமான சரிவு.

ஆக உங்கள் கண்ணில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. மருமகனிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், அளந்தபின் சொல்லுங்கள்.

பழைய குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சுருக்காத 1080பி 60 வீடியோவுக்கு, பிக்சலுக்கு 16 பிட் என்று வைத்தாலே நொடிக்கு கிட்டத்தட்ட 2 கிகாபிட் வேண்டும். உங்கள் குச்சி அநேகமாக யுஎஸ்பி 2.0, அதன் உச்சமே 480 மெகாபிட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் குழாயின் விட்டம் அவ்வளவுதான். பம்ப்செட் ஆளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

---

பீளமேடு பிக்சல்:

59.94-க்கு மாற்றினேன். ரேமனில் 5 நிமிடம் பதிவு, ஒரு இரட்டிப்பும் இல்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது.

ஆனால் பிளட்போர்ன் வரிசையில் இடையிடையே 5, 7 என்றெல்லாம் வருகிறது. அப்படி நின்றிருந்தால் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்திருக்கும். தெரியவில்லை. எனக்கு என் நிரல்மேலேயே இப்போது சந்தேகம்.

---

ஸ்கார்பரோ ஸ்லோமோ:

அண்ணை, என்னட்டக் கேப்சர் கார்டே இல்லை. ஃபோன்தான். 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷனில் டிவியைப் படம் பிடிச்சுப் பாருங்கோ. டிவியின் ஒரு ரிஃப்ரெஷ் ஃபோனில் 4 படம். 30 எஃப்பிஎஸ் கேம் என்றால் ஒவ்வொரு காட்சியும் 8 படம் நிற்கும். 50 மில்லிசெகண்ட் நின்றால் 12. ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ண வேண்டியதுதான், ஒரு தேத்தண்ணி முடியிறதுக்குள்ள 10 நொடியை எண்ணலாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் இருக்கிற பதிவுப் பொத்தானை நம்பி இறங்காதேங்கோ. அது சேமிக்கிறதே 30 எஃப்பிஎஸ், அதுவும் கடைசி 30 நொடி. 60-ல் ஓடும் கேமும் அதில் 30-தான். ஸெல்டா பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017-ல் வந்த புதிதில் கொரோக் காட்டுக்குள் 30-லிருந்து நேரே 20-க்கு இறங்கும், நடுவில 27, 25 என்று ஒன்றும் இல்லை. காரணம், ஒரு ரிஃப்ரெஷ்ஷைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருந்தாக வேண்டும். 2 போய் 3 ஆகும், 60-ஐ 3-ஆல் பிரித்தால் 20. ஃபோனில் பார்த்தால் 8, 8, 12, 12 என்று படிக்கட்டு மாதிரித் தெரியும்.

இரண்டு கவனம். டிவி மேலிருந்து கீழாகத்தான் வரையும், அதனால திரையில் ஒரே இடத்தைப் பார்த்து எண்ணுங்கோ. எல்சிடி என்றால் பழைய படமும் புதுப் படமும் ஒரு கணம் கலந்து பேய் மாதிரி நிற்கும், அந்தப் படத்தை எதோட சேர்க்கிறது என்று முதலே முடிவெடுத்துவிடுங்கோ.

---

நள்ளிரவு பில்ட்:

ஒரு கேம் ஸ்டுடியோவில் ரெண்டரிங் (படத்தை வரையும்) பக்கம் வேலை பார்க்கிறேன். பேர் வேண்டாம்.

நாங்கள் உள்ளே இருந்து பார்க்கும்போது எஃப்பிஎஸ் என்ற வார்த்தையைப் பெரும்பாலும் பேசுவதே இல்லை. மில்லிசெகண்ட்தான். காரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு நொடியில் 54 படம் 16.7 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு படம் 100 மில்லிசெகண்ட் எடுத்தது என்று வையுங்கள். 900-ம் 100-ம் ஆயிரம், மொத்தம் 55 படம், 55 எஃப்பிஎஸ். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆடுகிறவர் கையில் அந்த 100 மில்லிசெகண்ட் அறைந்த மாதிரி விழும். கேம் சோதனைகளில் 1 சதவீத லோ (மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களின் வேகம்) என்று போடுகிறார்களே, அது இந்த மாதிரி மோசமான படங்களைப் பிடிக்கத்தான். அதையும் ஆளாளுக்கு ஒரு விதமாகக் கணக்கிடுகிறார்கள், அதனால் இரண்டு பேர் போட்ட எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

3, 1 நடை எப்படி வருகிறது என்பதற்குப் பொதுவான ஒரு காரணம் சொல்கிறேன். குறிப்பிட்ட கேமின் கோடை நான் பார்த்ததில்லை. 30-க்குக் கட்டிப்போட இரண்டு வழி உண்டு. "இரண்டு ரிஃப்ரெஷ்ஷுக்கு ஒரு தடவைதான் படத்தை மாற்று" என்று டிஸ்ப்ளேவிடமே சொல்வது ஒன்று. இன்னொன்று, கேம் தானே கடிகாரத்தைப் பார்த்து 33.3 மில்லிசெகண்ட் ஆகும்வரை தூங்கி எழுவது. இரண்டாவதில் சராசரி கச்சிதமாக 30 வரும். ஆனால் எழுந்த நேரம் ரிஃப்ரெஷ்ஷுக்கு ஒரு மயிரிழை முன்னாலா பின்னாலா என்பது அதிர்ஷ்டம். பின்னால் எழுந்தால் அந்தப் படம் பஸ்ஸைத் தவறவிட்டது, முந்தைய படம் 3 ரிஃப்ரெஷ் நிற்கும். அடுத்தது சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், தாமதமாக ஏறிய படத்துக்கு 1 ரிஃப்ரெஷ்தான் கிடைக்கும். கன்சோலின் வேகம் பத்தவில்லை என்பதால் வருவதில்லை இது. வேகமான கன்சோலில் போட்டாலும் போகாது.

நீங்கள் வெளியிலிருந்து அளப்பதில் ஒரு வரம்பு இருக்கிறது. படம் தாமதமானது என்று தெரியும், சிபியு (கணக்குப் போடும் சில்லு) தாமதமா ஜிபியு (படம் வரையும் சில்லு) தாமதமா என்று தெரியாது. அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் எங்களுக்கு "ஸ்டாட் யூனிட்" என்று ஒரு கட்டளை போதும், கேம், டிரா, ஜிபியு என்று தனித்தனியாகக் காட்டிவிடும். உங்களுக்கு அது கிடைக்காது. ஆனால் மோப்பம் பிடிக்கலாம். ரெசல்யூஷன் மோடு (பிக்சல் அதிகம்), பெர்ஃபாமன்ஸ் மோடு (வேகம் அதிகம்) என்று இரண்டும் இருக்கும் கேமில் ஒரே இடத்தில் நின்று அளந்து பாருங்கள். பிக்சல் குறைந்தும் சரிவு அப்படியே இருந்தால் ஜிபியு குற்றவாளி இல்லை. கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பினால் ஜிபியு வேலை குறையும். அப்போதும் சரிவு போகாவிட்டால் சிபியு பக்கம்தான் கை காட்ட வேண்டும்.

இப்போதெல்லாம் ஃப்ரேம் ரேட் நேர்கோடாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பல கேம்களில் சுமை ஏறினால் ரெசல்யூஷனைக் கமுக்கமாக இறக்கிவிடுவார்கள். மென்மையாக்காத சாய்ந்த விளிம்பு ஒன்றைப் பெரிதாக்கி, 30 பிக்சல் உயரத்தில் 20 படிதான் இருக்கிறது என்றால், 4கே திரையின் 2160 வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு, 1440 வரி என்று கணக்கு. முந்தைய ஃப்ரேம்களைக் கலந்து படத்தைக் கூட்டும் உத்திகள் வந்தபின் அந்தப் படிகளே கண்ணில் சிக்குவதில்லை, அது வேறு வருத்தம்.

நிரலைச் சந்தேகிக்கிறேன் என்றீர்களே, நல்ல சந்தேகம். தெரிந்த விடையுள்ள ஒரு வீடியோவை நீங்களே செய்து, பென்டிரைவில் போட்டு, பிஎஸ்4-ன் மீடியா பிளேயரில் ஓட்டி, அதைப் பதிவு செய்து பாருங்கள்.

---

பீளமேடு பிக்சல்:

ஸ்லிப் கேஜ்! பட்டறையில் காலையில் வந்ததும் முதல் வேலை, மைக்ரோமீட்டருக்குள் 25 மில்லிமீட்டர் கட்டையை வைத்து அது 25 காட்டுகிறதா என்று பார்ப்பது. பதினோரு வருடமாகச் செய்கிறேன். வீட்டுக்கு வந்தால் மறந்துபோயிற்று.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் 59.94 வேகத்தில் ஒரு வீடியோ செய்தேன். கறுப்புத் திரை, நடுவில் ஓடும் எண். அந்த எண்களை வேண்டுமென்றே 2, 2, 2, 3, 1 என்ற நடையில் நிறுத்தினேன். பிஎஸ்4-ல் ஓட்டிப் பதிவு செய்து நிரலைப் பாய்ச்சினால் அது 2, 4, 7 என்று உளறுகிறது. பதிவைக் கண்ணால் தள்ளிப் பார்த்தால் எண்கள் மிகச்சரியாக 2, 2, 2, 3, 1. ஆக கார்டு சரி, ஓபிஎஸ் சரி, நான் எழுதியதுதான் சரியில்லை.

கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. நான் முழுத் திரையின் சராசரி வித்தியாசத்தை எடுக்கிறேன். கறுப்புத் திரையில் ஒரு சின்ன எண் மாறினால் சராசரி ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது, எல்லைக்குக் கீழே. எல்லையைச் சுழியம் ஆக்கலாம் என்றால் அதுவும் முடியாது, வீடியோவைச் சுருக்கும்போது வரும் இரைச்சலால் ஒரே படம்கூட ஒரு பொட்டு மாறித்தான் பதிவாகிறது. பிளட்போர்னும் அப்படியே. பாதித் திரை இருட்டு, ஆள் நின்ற இடத்தில் மேலங்கி மட்டும் அசையும். என் நிரலுக்கு அது உறைந்த படம்.

இப்போது திரையை 16-க்கு 9 என்று கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் வித்தியாசம் அதிகமோ அதை மட்டும் எடுக்கிறேன். ஆளின் உயிர் அளவைக் காட்டும் கோடு இருக்கும் மூலையை மறைத்துவிட்டேன். அளக்கும்போது கன்ட்ரோலரில் கேமராவைச் சுற்றும் வலது குச்சியை ஒரே பக்கம் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன், ஏதாவது ஒன்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. எண் வீடியோவில் 2, 2, 2, 3, 1 அச்சு அசலாக வந்தது. பிறகுதான் பிளட்போர்ன்.

கேமின் தொடக்கப் பகுதியான மத்திய யார்னாமில், முதல் விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று சுற்றினேன். 10 நொடித் துண்டு ஒன்றில் வந்த வரிசையின் ஒரு பகுதி: 2, 2, 2, 3, 1, 2, 2, 3, 1, 2, 2, 2, 2, 3, 1. அந்தத் துண்டின் சராசரி 29.97.

மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சராசரியைத்தான் முதலில் பார்த்தான். "பாத்தீங்களா மாமா, 30 தானே?" என்றான். வரிசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒவ்வொரு 3, 1-லயும் கேமரா ஒரு தடவை தயங்கி ஒரு தடவை தாவுது, அதானே?" என்றான். அதேதான். கண்ணைப் பற்றிப் பேசியதை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் நிரலை அவன் லேப்டாப்புக்கு அனுப்பச் சொன்னான்.

---

சட்டகன்:

அருமை. ஒரே ஒரு சந்தேகம். பதிவின்போது ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தீர்களா? ரெண்டரிங் தாமதத்தால் தவறியவை, என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும்) தாமதத்தால் விட்டவை என்று இரண்டு வரி இருக்கும். இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கணினி விட்ட படத்தை கேமின் தலையில் கட்டிவிடுவோம்.

---

பீளமேடு பிக்சல்:

முதல் பதிவில் திறக்கவில்லை. நீங்கள் சொன்னபின் திறந்து வைத்து மறுபடி எடுத்தேன். இரண்டும் சுழியம், 3, 1 அப்படியே இருக்கிறது.

கார்டை வியாழக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெள்ளி முகூர்த்தம், நண்பருக்கு இரண்டு கல்யாணம். அதற்குள் பிஎஸ்4-ல் வேறு எதை அளந்து பார்க்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். தூசி ஊதியதும் வீண் போகவில்லை, ஃபேன் சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது.